ஞாயிறு பூசைக்கு ஒரு பெயர்

வத்தேகம,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் அத்தான் அவர்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நானும் வயிற்றுப் பிள்ளையும் இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் வழியில்லை. பதினொரு நாளாகப் போனை எடுக்கவில்லையே. வியாழக்கிழமை கத்தாருக்குத் திரும்பும் யோகராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பாருங்கள்.

பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட் வந்த அன்று உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். மாமியிடம் நானே மெதுவாகச் சொல்கிறேன், வாயைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். ஒரு நாள் தாங்கியதா உங்கள் வாய்? மாமி நேரே கோயிலுக்குப் போய், பூசையில் வாசித்து வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசையில் மத்தியாஸ் உபதேசியார் மைக்கில் வாசிக்கிறார், “றஜீவ், பியட்றிஸ் தம்பதிகளின் வயிற்றிலிருக்கும் நோயாளிப் பிள்ளையின் சுகத்துக்காக” என்று. முழுக் கோயிலும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தது. வந்த கோபத்தில் நற்கருணை வாங்கக்கூட நான் எழும்பவில்லை.

கடைக்குப் போனால் ஒருத்தி அன்னாசி தின்றாயா என்கிறாள், இன்னொருத்தி கிரகணத்தில் வெளியே போனாயா என்கிறாள். மாமி நவநாள் செபம் பிடித்திருக்கிறார். முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்தால் எல்லாம் மாறியிருக்குமாம். கால் வீங்க வீங்க முழந்தாளில் நிற்கிறவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

நேற்று பேராதனை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். கடைசியாக நீங்கள் கேட்டதையே கேட்டேன், மருந்து இருக்கிறதா என்று. டொக்டர் அம்மா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “இது சுகமாக்குற வருத்தம் இல்லம்மா. உங்க மகளே இப்படித்தான்” என்றார். இருதயத்தை மட்டும் அடுத்த மாதம் பார்ப்பார்களாம். மகள் என்று அதுவரைக்கும் யாருமே சொல்லவில்லை, அத்தான். நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எனக்கும் பயம்தான், நான் மட்டும் என்ன இரும்பா?

இறங்கியதும் கோயிலுக்குப் போய்ப் புதுக் கருத்து ஒன்று கொடுத்தேன். நோய், சுகம் ஒன்றும் வேண்டாம், றஜீவ், பியட்றிஸின் மகளுக்காக நன்றிப் பூசை என்று பெயர் சொல்லி வாசியுங்கள் என்றேன். என்ன பெயர் என்றார் உபதேசியார். மகள் பிறந்தால் நான்தான் பெயர் வைப்பேன் என்று எயார்போட்டில் நின்று பிடிவாதம் பிடித்தது நீங்கள்தானே? அதனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைக்குள் பெயரை அனுப்புங்கள். பேச மனமில்லாவிட்டால் போனில் எழுதியாவது அனுப்புங்கள். இல்லாவிட்டால் உபதேசியார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் பியட்றிஸ்,
உங்கள் மகள்.