இரண்டு பெருமாயிகளும் ஒரு யூரியா சாக்கும்

4.2.2008, திங்கள்

மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நாள் நன்றாகப் போகும் என்று நினைத்தேன். செம்மேட்டு ஆபீசில் நுழைந்ததுமே தனபால் அண்ணன் வேலை வைத்துவிட்டார். எங்கள் மிளகுக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். நான் தோட்டங்களுக்குப் போன நாட்கள் கம்ப்யூட்டர் காலண்டரிலும் அங்கே எடுத்த போட்டோக்கள் போல்டர்களிலும் கிடக்கின்றன. அவற்றை வேலைப்பட்டியல் புரோகிராமுக்கு மாற்ற வேண்டுமாம். இயற்கை விளைச்சலுக்குச் சான்று தருகிற ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருகிறார், அதில்தான் பார்ப்பார்.

மாற்றுவதென்ன பெரிய வேலையா? இழுத்து ஒட்டினால் தீர்ந்தது.

5.2.2008

தீர்ந்தது. எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

8.2.2008, வெள்ளி

ஆய்வாளர் பட்டியலில் எங்கள் குழுவின் திருப்புலிப் பெருமாயி பேரைத் திறந்தார். படத்தில் மிளகுக் கொடிக்குப் பக்கத்திலேயே ஒரு யூரியா சாக்கு. நிலத்தில் எந்தப் பயிருக்கு ரசாயன உரம் போட்டாலும் ஒரு வருடம் குழுவுக்கு வெளியே. அதுதான் விதி. வெளியே போனால் அந்த அம்மா மிளகை வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

அந்தத் தோட்டத்தில் சாக்கு இருந்ததா என்று அண்ணன் என்னைக் கேட்டார். இல்லவே இல்லை. படம் எடுத்தவளே நான்தானே? அப்புறம் இது எங்கிருந்து வந்தது? ஆய்வாளர் செவ்வாய்வரை பொறுப்பதாகச் சொல்லிப் போனார்.

9.2.2008

புரிந்துவிட்டது. என் கூத்துதான்.

மலையில் பெருமாயி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அந்த நாட்டைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும் — திருப்புலிப் பெருமாயி, எடப்புளிப் பெருமாயி. நானும் அதே பழக்கத்தில் நாட்டுக்கு ஒரு போல்டர் வைத்து, உள்ளே வெறும் ‘பெருமாயி’ என்று படத்தைச் சேமித்திருக்கிறேன். இழுத்து ஒட்டும்போது போல்டர் பேர் கூடவே வரவில்லை; பழைய போல்டர்களும் இப்போது காலி. இரண்டு ‘பெருமாயி’ படம், இரண்டுக்கும் தேதி நான் ஒட்டிய தேதி; கைக்கு வந்ததை ஏதோ ஒரு பெருமாயி பேரில் ஒட்டியிருக்கிறேன். எது யாருடையது?

11.2.2008

சாக்கு இருக்கும் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். காமிரா பதித்த தேதி உள்ளே பத்திரமாக இருக்கிறது: ஜனவரி 21. காலண்டரில் 21 எடப்புளி. திருப்புலிக்குப் போனது 24.

தப்பித்தாள் திருப்புலி என்று நாற்காலியை ஒரு சுற்று சுற்றினேன். பாதியிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் எடப்புளிப் பெருமாயி மாட்டிக்கொண்டாளே. ஒருத்தியை எடுத்துவிட்டு இன்னொருத்தியைத் தள்ளிவிடவா இவ்வளவு தேடினேன்? சே.

12.2.2008, செவ்வாய்

இருவரையும் வரச் சொல்லியிருந்தோம். படம் மாறியதை ஒப்புக்கொண்டேன். ஆய்வாளர் திருப்புலிப் பெருமாயியைப் போகலாம் என்றார். எடப்புளிப் பெருமாயி, எரு சுமக்க வாங்கி வந்த வெறும் சாக்கு அது என்றார். யாரிடம் வாங்கியது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. அவர் பேரை அடிக்க ஆய்வாளர் பேனாவை எடுத்துவிட்டார்.

வாசல்வரை போன திருப்புலிப் பெருமாயி திரும்பி வந்தார்.

“சாக்கு என்னுதுங்க. குச்சிக்கெழங்குக்கு ஒரு மூட்டை போட்டேன். வெறுஞ்சாக்கைத்தான் அவளுக்குக் குடுத்தேன். எம்பேரை எடுத்துருங்க.”

பேசாமல் போயிருக்கலாமே அம்மா, யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

13.2.2008

பைல் பேர்களை எல்லாம் மாற்றினேன். நாடு, ஆள், தேதி — மூன்றும் பேரிலேயே. இன்று டீ கிடையாது.

3.3.2008, திங்கள்

எடப்புளிப் பெருமாயியின் மிளகு குழு லாரியில் போய்விட்டது. திருப்புலிப் பெருமாயி ஒரு வருடம் குழுவுக்கு வெளியே.

மத்தியானம் அவரே ஆபீசுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். காமிராவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கூடவே போனேன். அவருடைய குச்சிக்கிழங்குக் காட்டில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, சாணி எரு குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“இன்னைக்கிருந்து ஒரு வருசம் எண்ணிக்கட்டும். தேதி உள்ள உழுந்துருச்சா கண்ணு?”

காமிராவைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துத் தெரியாது என்றாலும் நெடுநேரம் பார்த்தார்.