குதிரைக்குப் பார்த்த ரத்தம்

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. வாந்தி நின்றதா? சாப்பாடு உள்ளே தங்குகிறதா? மாப்பிள்ளை நலமா? நீ உண்டாகியிருக்கும் செய்தியைச் சொன்ன உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது சோம்பலால் இல்லை. நடுவில் இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு முறையும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உன் மாமியார் "அக்கா என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் வெயிலைப் பற்றியும் துணி காயாததைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மெசேஜில் எழுதினால் பாதி படிக்கும்போதே கூப்பிடுவாய், எனக்குக் குரல் வராது. அதனால்தான் காகிதம். கூரியரில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது, உட்கார்ந்துகொண்டு படி.

பயில்வானைப் பற்றித்தான். அந்தப் பெயரை வைத்தவளே நீதான். இரண்டு வயதில் அவன் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கால் இல்ல, தூணு. உன் பையன் பெரிய பயில்வானா வருவான் பாரு" என்றாய். அத்தானுக்கு அதில் எவ்வளவு பெருமை! வருகிறவர்களுக்கெல்லாம் அவனை நிற்க வைத்துக் காலைக் காட்டுவார். தரையிலிருந்து எழும்போது அவன் தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான் அல்லவா? "கிழவன் எழுந்திருக்கிறார், வழி விடுங்க" என்று நாம் சிரிப்போம். அவனும் சிரிப்பான். நாம் சிரிக்கிறோம் என்பதற்காகவே இரண்டாம் முறையும் எழுந்து காட்டுவான்.

போன வருடம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது ஏ.எஸ்.டி. என்ற நொதி கூடியிருந்தது. குழந்தை டாக்டர் "லிவர் கொஞ்சம் வீக்கா இருக்கு, பயப்படாதீங்க" என்றார். அன்றிலிருந்து எண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது, இனிப்பு கிடையாது. காலையில் ஒரு கசப்பு மருந்து. உன் கல்யாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஐஸ்கிரீம் சாப்பிட, இவன் கையில் ஆப்பிள் துண்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருந்தேன். "நீ அம்மாவா, ஜெயில் வார்டனா?" என்று கேட்டாயே. எனக்குக் கோபம்கூட வந்தது. பிள்ளையின் நன்மைக்குச் செய்கிறேன் என்ற திமிர்.

ஒரு வருடம், வாலு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். எண் இறங்கவே இல்லை. இறங்காதபோதெல்லாம் யார் திருட்டுத்தனமாகப் பிஸ்கட் கொடுத்தது என்று வீட்டில் சண்டை போட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும், கால்நடை லேபில் ரத்தம் பார்ப்பது. மாட்டு ரத்தம், நாய் ரத்தம், பெரும்பாலும் பந்தயக் குதிரைகளின் ரத்தம். அந்த ஏ.எஸ்.டி. கல்லீரலிலும் இருக்கும், தசையிலும் இருக்கும். ஓடிவிட்டு வந்த குதிரைக்குத் தசை நைந்து அது ஏறும். அதனால் சி.கே. என்று இன்னொன்றையும் பார்ப்போம். அது கூடியிருந்தால் கோளாறு தசையில். எங்கள் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "ஏ.எஸ்.டி. கூடினால் சி.கே. பார்க்காமல் கல்லீரல் என்று எழுதாதே." நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் கையால் எழுதி ஒட்டியது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு குதிரைப் பயிற்சியாளர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "என் குதிரைக்கு லிவர் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது குடிக்குதா என்ன? நான்தான் குடிக்கிறேன்!" என்று கத்தினார். புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய ரிப்போர்ட். சி.கே. பார்க்கவே இல்லை. அவளைக் கூப்பிட்டு, "சுவத்துல ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? இதைக்கூடப் பார்க்காம ஒரு உயிருக்கு எப்படி எழுதுவே?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அவள் அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கைப்பையில் பயில்வானுடைய ரிப்போர்ட்டுகள் நான்கும் இருந்தன. நான்கிலும் ஏ.எஸ்.டி. ஒன்றிலும் சி.கே. இல்லை.

அன்று மாலையே வீட்டில் அவனுக்கு ரத்தம் எடுத்தேன். "அம்மா, நான்தான் பிஸ்கட் சாப்பிடலையே, எதுக்கு ஊசி?" என்றான். மறுநாள் முதல் வேலையாக அதை மெஷினில் வைத்தேன். அளவைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வைத்த பிறகுதான் எண் வந்தது. பதினெட்டாயிரம். இருநூறுக்குள் இருக்க வேண்டியது. பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "இது எந்தக் குதிரை மேடம்? ஓட விட்டே கொன்னிருப்பாங்க போலிருக்கே" என்றார். "சின்னக் குதிரை" என்றேன். வேறு என்ன சொல்வது? முந்தின நாள் முழுக்க அவன் ஓடவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான்.

பிறகு நரம்பு டாக்டர், மரபணுச் சோதனை எல்லாம் ஆயிற்று. தசை கரைகிற நோய். அந்தக் கெண்டைக்கால் பெருத்திருந்தது பலத்தால் இல்லை, தசை போன இடத்தில் கொழுப்பு நிரம்பியதால். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும் என்றார். அப்புறம் கை, அப்புறம் மூச்சும் இதயமும். மாத்திரை தொடங்கியிருக்கிறோம். "குணமாகும்னு கொடுக்கலம்மா, தள்ளிப்போடத்தான்" என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு வருடம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்று கேட்டேன். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை படிகள், எத்தனை நாள் நடை என்று அவருக்கும் தெரியாது.

இப்போது கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறேன். ஐஸ்கிரீம் கொடுத்த அன்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நக்கினான், எந்த நிமிடம் பிடுங்குவேனோ என்று. அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று மாடிக்கும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நான்கு வார்த்தை பேசியிருப்பேன்.

இனிமேல் எழுதப்போவது உன்னைப் பற்றி.

இந்த நோய் அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருவது. பெண்ணுக்கு வெளியே தெரியாது, ஆண் பிள்ளைக்கு இறங்கும். என் ரத்தத்தையும் பார்த்தார்கள். என்னிடம் இருக்கிறது. எனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். மரத்திலிருந்து விழுந்து கால் போய், பதினேழு வயதில் இறந்ததாகச் சொல்வார்களே ஒரு மாமா, அவர் மரமே ஏறியதில்லையாம். அம்மா வெகுநேரம் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, "என் தம்பிக்கும் கெண்டைக்கால் இப்படித்தான் இருந்துச்சு. எனக்கு வரன் பார்க்கிற நேரம், அதான் மரம்னு சொல்லிட்டாங்க. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்" என்றாள். பயில்வானின் காலைத் தினமும் எண்ணெய் தேய்த்து நீவி விட்டவள் அவள்தான்.

ஆக, அம்மாவிடம் இருந்திருக்கிறது. எனக்கு வந்துவிட்டது. உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.

"மாசமா இருக்கிறவகிட்ட வாயைத் திறக்காதே, பயத்துல பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்" என்று அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை, ஆனால் மூன்று வாரம் அப்படித்தான் நடந்துகொண்டேன். ஏனென்றால் பயத்தை அளந்து எண்ணாக எழுதித் தருவதும் என் வேலைதானே. சினைக் குதிரையை லாரியில் ஏற்றினால் அரை மணியில் அதன் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற பயத்தின் ஹார்மோன் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியும். இந்தக் காகிதம் உனக்கு அந்த லாரி. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து, இன்னொரு வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எழுந்துவிட்டேன். நேற்றுதான் நாள்காட்டியில் உன் வாரங்களை எண்ணினேன். நாட்கள் ஏறிவிட்டன. இன்னும் தள்ளினால் முடிவெடுக்கும் வாரங்கள் தாண்டி, தெரிந்தும் பயனில்லாமல் போய்விடும். பயில்வானுக்கு ஒரு வருடம் தொலைத்தேன், உனக்கு மூன்று வாரம். என்னைத் திட்ட வேண்டுமென்றால் பிறகு திட்டு, முதலில் இதைச் செய்.

வருகிற திங்கட்கிழமையே மாப்பிள்ளையுடன் மரபணு மருத்துவரிடம் போ. சாதாரண ரத்தப் பரிசோதனையில் சி.கே. சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதே. கர்ப்ப காலத்தில் அந்த எண் இறங்கித்தான் இருக்கும், நம்ப முடியாது. மரபணுச் சோதனைதான் வேண்டும், உனக்கும், தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பதற்கும். பயில்வானுடைய ரிப்போர்ட் நகலையும் என்னுடையதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றைக் காட்டினால் எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், நாட்கள் மிச்சமாகும். மாமியாரிடம் என்ன சொல்வது என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளுங்கள். மரம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். கேட்காதே. பயில்வான் பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயாவது உனக்குத் தோன்றினால், அது என் எழுத்தின் கோளாறு. அவன் இப்போது என் தோளில் சாய்ந்து, "சித்திக்கா எழுதுறே? பாப்பா வந்ததும் நான் தூக்குவேன்னு எழுது" என்கிறான். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. உன்னிடம் எதுவும் இல்லை என்று வந்தால், அன்றைக்கே எனக்குச் சொல். அக்கா மனசு வலிக்குமே என்று நினைத்து ஒளித்து வைக்காதே. வலிக்கும்தான். இருந்தாலும் சொல்.

உன்னையும் மாப்பிள்ளையையும் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா