சனிக்கிழமை வேலை இல்லாத மகனுக்கு

டன்லப் வீதி,
சிங்கப்பூர்.
19-8-1962, ஞாயிறு காலை

அன்பு மகன் மருதப்பனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் உன் அப்பாவும் தங்கை கமலாவும் காளியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, ஏனென்றால் நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அப்துல் கையூம் பாய் கப்பலில் சமையல் வேலை முடிந்து வியாழக்கிழமை வீடு திரும்பினார். லிவர்பூலில் உன்னைப் பார்த்த கதையெல்லாம் சொன்னார். ஆறு மாதமாக என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

முதலில் என் மேல் கோபப்படாதே. மாசி மாதக் கடிதத்தில், இங்கே வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை அம்மா, சனி ஞாயிறு கிடையாது, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். நீ பெருமைக்குத்தான் எழுதினாய். எனக்கோ அதைப் படித்ததும் கவலை பிடித்துக்கொண்டது. இருபது வருடமாக மூட்டை தூக்குகிறவரின் பெண்டாட்டி நான், வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்? தஞ்சோங் பகார் துறைமுகத்தில் உன் அப்பாவின் குத்தகைக்காரரிடம் நடைமுறை என்னவென்று உனக்குத் தெரியும். விடியற்காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள், ஆட்களை மேய்க்கும் மண்டோர் யார் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் அன்றைக்கு வேலையும் கூலியும். ஒரு நாள் கூப்பிடவில்லை என்றால் கப்பல் வரவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம். இரண்டு நாள் தொடர்ந்து கூப்பிடவில்லை என்றால் மண்டோருக்கு நம் மேல் ஏதோ மனத்தாங்கல். உடனே வெற்றிலை பாக்கோடு ஒரு கோழியையும் எடுத்துக்கொண்டு மண்டோர் வீட்டு அம்மாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும், மறுநாள் பெயர் வந்துவிடும். உனக்கானால் வாரா வாரம் இரண்டு நாள் கூப்பிடவில்லை! பிள்ளை அரைப்பட்டினி கிடந்து எங்களுக்குப் பணம் அனுப்புகிறான், தெரிந்தால் கவலைப்படுவோம் என்று பூசி மெழுகுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து கையூம் பாயின் கப்பல் லிவர்பூல் போகிறது என்றார்கள். உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. தேக்கா சந்தையில் கட்டிக்கொள்ள நல்ல பூப்போட்ட பாத்திக் துணி ஒன்று வாங்கி, ஒரு டின் நிறைய முறுக்கும் சுட்டு, உன் மண்டோர் வீட்டு அம்மாவிடம் சேர்த்துவிட்டு, பையனுக்கு ஆறு நாளாவது வேலை போடச் சொல்லுங்கள் பாய் என்று கொடுத்தனுப்பினேன். கோழி அனுப்ப வழியில்லை, இருந்திருந்தால் அதையும் அனுப்பியிருப்பேன். உன் அப்பா சும்மா இருந்தாரா? அவரும் என்னிடம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் பெயர் கொடுத்துவிட்டார். பிள்ளை அனுப்புற பணத்துல ஒரு காசு தொடாதே, அவன் திரும்பி வர கப்பல் சீட்டுக்கு ஆகும் என்று ஒரே பிடிவாதம். ஆறு மாதமாக ஒரு ஞாயிறுகூட அவர் வீட்டில் இல்லை. முதுகில் தைலம் தேய்த்துத் தேய்த்து என் கை ஓய்ந்துவிட்டது. இதற்கிடையில் நீ வேறு, கையூம் மாமா வந்து பார்த்தார், மற்றதை அவரே வந்து சொல்வார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாய். அந்த ஒரு வரி ஒரு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பாய் சொன்ன பிறகல்லவா சங்கதி தெரிகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கதவைத் தட்ட, நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாயாம். கன்னம் உப்பி, நல்ல கம்பளிச் சட்டை போட்டு இருந்தாயாம். விஷயத்தைச் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்து, அதெல்லாம் வேண்டாம் மாமா என்றாயாம். ஆனால் கையூம் பாயைத் தெரியாதா? என் தங்கச்சி, உன் அம்மா நம்பிக் கொடுத்தது அமானிதம், கொண்டுபோய்ச் சேர்க்காம இருக்க முடியுமா லா என்று முகவரி கேட்டு அவரே போய்விட்டார். போனால் அந்த மண்டோர் பனியனோடு வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறாராம்! பாய் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் விண்ணப்பத்தைச் சொல்ல, மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். சனிக்கிழமை எனக்கே வேலையிடத்துக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள், உங்கள் பையனை எங்கே அனுப்புவது என்றாராம். பிறகு உட்காரவைத்து டீ கொடுத்து, உங்கள் பையன் நல்ல வேலைக்காரன், யாருடைய சிபாரிசும் அவனுக்கு வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லுங்கள் என்றாராம். அதைச் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். அவர் பெண்டாட்டி மட்டும் நான் கட்டிக்கொள்ளக் கொடுத்த துணியை மேசையில் விரித்துவிட்டாளாம். முறுக்கையும் டீயில் நனைத்துத் தின்றார்களாம். போகட்டும்.

கமலா உடனே காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். உனக்கு வாரம் நாற்பத்திரண்டு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பவுன், அதாவது நம் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேல். அப்பாவுக்கு ஒரு நாள் பத்து மணி நேரத்துக்கு ஆறு வெள்ளி. உனக்கு ஒரு மணிக்கு இரண்டே கால் வெள்ளிக்கும் மேலே, அவருக்கு அறுபது காசு. நான் மலைத்துப்போனேன். ஆனால் உன் அறை வாடகை வாரத்துக்கு மூன்று பவுன், நம் காசுக்கு இருபத்தைந்து வெள்ளிக்கு மேல், இங்கே எங்கள் அறைக்கு மாதமே இருபத்திரண்டு வெள்ளிதான். நீ முடி வெட்டிக்கொள்ள இரண்டு வெள்ளிக்கு மேல் ஆகிறதாமே, இங்கே அதற்கு அறுபது காசு. அப்படியானால் முடிவெட்டக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கூலி உனக்கும் சரி, அப்பாவுக்கும் சரி என்கிறாள் உன் தங்கை. ஆகவே பணத்தைப் பார்த்து நான் வாயைப் பிளக்கவில்லை. நாளைக்குப் பெயர் கூப்பிடுவார்களா என்று நினைக்காமல் நீ படுக்கிறாய் பார், அந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டார், சனிக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்று. ஒன்பது மணிக்கும் நான் தட்டித்தான் எழுந்தான் என்றார் பாய். ஒன்பதா, ஒன்பதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அழுதார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. சீட்டுக்குச் சேர்த்த பணம் டின்னில் அப்படியே இருக்கிறது. அது இருக்கிற தைரியத்தில் நேற்று நானே அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இனி ஞாயிறு வேலை வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். இன்று தூங்குகிறார். சன்னலில் என் சேலையைக் கட்டி வெயிலை மறைத்துவிட்டு, சத்தம் போடாமல் இதை எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. அந்த மண்டோர் வீட்டுக்கு ஒரு நாள் போய் என் வணக்கத்தைச் சொல். இன்னொன்று, நேரமில்லை அம்மா என்று நீ இரண்டு வரியில் முடித்த கடிதங்கள் எல்லாம் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் உருளைக்கிழங்கு தோண்டவாவது நேரம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டா இந்தப் பொய்? இனி சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு பக்கம் எழுதவேண்டும், அதற்கு எந்த மண்டோரும் உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

இதோ உன் அப்பா எழுந்துவிட்டார். மணி என்ன என்று கேட்டார், ஒன்பதேகால் என்றேன். அவனைவிடக் கால் மணி கூடத் தூங்கிட்டேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ ஆசீர்வதிக்கும்
உன் அம்மா,
பூவம்மா