உங்களை லித்துவேனியாவுக்கு அனுப்பிய கதை

அண்ணை,

நேற்று ஒஸ்லோவில், எங்கள் புருசெத் பக்கத்துக் கடையில் உறைந்த தொஸ்க் மீன் பெட்டி ஒன்று வாங்கினேன். நோர்வேக் கடலில் பிடித்தது, லித்துவேனியாவில் வெட்டியது என்று பொடி எழுத்தில் இருந்தது. சமைத்துச் சாப்பிட்டோம். ஒரு முள்கூட இல்லை. உங்கள் கைவேலை அப்படியே. "என்ன, மீனைப் பார்த்து முழிக்கிறியள்?" என்றாள் மனைவி.

நோர்வேயின் வடகோடியில் நாங்கள் வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் நீங்கள் வெட்டினால் முள்ளில் சதை மிஞ்சாது. நான் வெட்டினால் முள்ளில்தான் சதை மிஞ்சும். துறைமுகப் பறவைகளுக்கு என்மேல் நல்ல மரியாதை. அதனால்தான் என் கத்தியைப் பிடுங்கிவிட்டு மொழிபெயர்க்க விட்டார்கள். உங்களுக்கோ அப்போது நோர்வே மொழியில் வணக்கம் சொல்லத்தான் தெரியும்.

சோவியத் உடைந்து, லித்துவேனியாவின் அரசாங்கத் தொழிற்சாலைகள் தனியார் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் முதலாளியும் ஒன்றை வாங்கினார். சம்பளம் மலிவு. ஆனால் அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பாதிச் சதையை முள்ளோடு எறிய, லாபமெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போனது. உங்களைக் கூப்பிட்டார்.

முதலாளி என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னது இரண்டு வசனம். "இவரைப் போல வெட்ட ஆளில்லை, போய் அவர்களைப் பழக்கட்டும்." பிறகு, "அவர்கள் பழகியதும் இங்கே மூடிவிடலாம்." நான் முதலாவதை மட்டும் தமிழாக்கினேன். எனக்குக் கொம்பனியின் ஒஸ்லோ அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு கதிரை பேசியாகிவிட்டது.

"வேறையும் ஏதோ சொன்னவரெல்லே?"

"உங்களுக்குப் பிளேன் டிக்கெட் போடினமாம் அண்ணை."

ஞாயிறு பூசை முடிந்து, "கொம்பனிச் செலவிலை பிளேன்!" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னீர்கள். கேக் வெட்டி வழியனுப்பினோம். கேக்கையாவது நான் ஒழுங்காக வெட்டினேன்.

அங்கிருந்து தொலைபேசியில், "இந்தப் பெட்டையள் இப்ப என்னை விடத் திறம், தம்பி" என்றீர்கள். பயந்துபோய், "கொஞ்சம் மெதுவாப் பழக்குங்கோவன்" என்றேன்.

"உனக்கென்ன விசரே? வேலை எண்டா வேலை."

நீங்கள் திரும்பிவந்த மாதமே தொழிற்சாலை மூடியது. அதன்பின் ஒஸ்லோவில் பள்ளிக்கூடக் கழிப்பறைகளைக் கழுவினீர்கள். அவற்றிலும் ஒரு கறை மிஞ்சவில்லையாம். அதே நகரத்தில் நான் கதிரையில் சுழன்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, மகளுக்கு என்னைக் காட்டினீர்கள். "இவன் முதலாளியோடை கதைச்சபடியாத்தான் எனக்கு லித்துவேனியாவுக்குப் போற அந்த மதிப்புக் கிடைச்சது. என்ரை பெட்டி தூக்க இவன் நிக்கோணும்."

தூக்கினேன், அண்ணை. குழிக்குள் இறக்கிவைத்ததும் மகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன். அந்த இரண்டாவது வசனம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இனி அதைத் தமிழில் சொன்னாலும், என்னைத் தூஷணத்தால் ஏச நீங்கள் இல்லை.