சரோஜாவுக்குச் சொன்ன இருபத்துநாலு மணி நேரம்

14 ஆகஸ்ட் 1979, செவ்வாய். கிள்ளான்.

பக்கத்து வீட்டு லோரி டிரைவர் முனியாண்டியை நேற்று மாலை ஆறு மணிக்குப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காரணம் சொல்லவில்லை. காலையில் அவன் மனைவி சரோஜா அழுதுகொண்டே வந்தாள்.

"சார், அவருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்ல. சட்டமெல்லாம் நீல ஐசிக்காரங்களுக்குத்தானே லா?"

"இல்லம்மா. யாரைப் பிடிச்சாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும்."

வகுப்பில் சொன்னது போலவே சொன்னேன். அந்தக் காலத்து ராஜாக்கள் ஆளை அடைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அப்படி மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்த விதி. பள்ளிக்கூடத்தில் தினமும் பெயர் கூப்பிடுகிற மாதிரி. அடைத்தவர் அல்லாத ஒருவர் கூப்பிட வேண்டும், அடைபட்டவன் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும்.

அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போய் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். கவுண்டரில் இருந்தவர் சிரித்தாராம். யார் சொன்னது என்று கேட்டு என் பெயரையும் எழுதிக்கொண்டாராம்.

மாலை ஆறு மணியும் ஆனது. அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

"சார், மணி ஆயிருச்சே" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

என் பேச்சால் அவனுக்கு உள்ளே அடி விழுந்திருக்குமோ? முப்பது வருடம் குடியியல் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளும் அந்தக் கவுண்டர் முன்னால் நின்றதில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சரோஜாவோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவன் பெயரையாவது சத்தமாகக் கூப்பிட வேண்டும்.