கேசட்டில் கத்திய பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

அல்மாட்டியிலிருந்து பெர்மெட்டின் சலாம். முழங்கால் வலி தேவலையா?

ஞாயிறன்று 'கரா ஷமால்' ராக் குழுவின் ரசிகர்கள் நாங்கள் எர்லான் வீட்டில் கூடினோம். நம் ஓஷ் நகரத்தில் அவர்கள் நடத்திய கச்சேரியில் ஒரு ரசிகர் பதிந்த பழைய கேசட்டைப் போட்டார்கள். நடுப்பாட்டில் கரண்ட் போய் கித்தார் நின்றுவிடுகிறது. உடனே ஒருத்தி கத்துகிறாள்: "நிறுத்தாதீங்கடா, நாங்க பாடுறோம்!" கூட்டமே பாடி முடிக்கிறது. இசைத்தட்டில்கூட அந்தப் பாட்டு அத்தனை அழகாக இல்லை.

"குழுவுல நாலு பேரு. இவதான் அஞ்சாவது ஆளு" என்றார் எர்லான்.

"அது எங்கம்மா!" என்றேன்.

"போடி புளுகி!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கச்சேரிப் பக்கமே போனதில்லை என்பாயே! பள்ளிக்கு என்னை எழுப்பிய குரல் எனக்குத் தெரியாதா?

கம்பளிக் காலுறை அனுப்பு. வேலைக்கு நேரமாயிற்று. ஞாயிறு எர்லான் வீட்டிலிருந்து போன் செய்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வரியை ஒருமுறை கத்து. இப்போதெல்லாம் நீ ரொம்ப மெதுவாகப் பேசுகிறாய், அம்மா.

பெர்மெட்