துணிக்கயிற்றில் ஒரு கேள்வி

ஜூன் 9, ஞாயிறு

மகளுக்கு நாளை கல்லூரி முதல் நாள். நல்ல தோள்பை ஒன்று கிடக்குமே என்று பரணில் ஏறினேன். பை கிடைக்கவில்லை, என் புள்ளியியல் நோட்டு கிடைத்தது. இருபத்து மூன்று வருஷமாகியும் ஓர் எழுத்து மங்கவில்லை. தலைப்புக்குச் சிவப்பு, சூத்திரத்துக்குப் பச்சை, உதாரணத்துக்கு நீலம், எல்லாவற்றுக்கும் கீழே அடிஸ்கேல் வைத்துக் கோடு. விடுதியில் எனக்கு 'அச்சு' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். என் நோட்டை வாங்கிப் படித்தவர்களின் பட்டப்பெயரும், பக்கத்தில் அவர்கள் எடுத்த மதிப்பெண்ணும். நானே எழுதி வைத்தது, அப்போது அப்படி ஒரு பெருமை. ஒட்டகம் 54. டமாரம் 61. சுவர் 78. மொத்தம் பதினோரு பேர், பதினோரு பேரும் பாஸ். நோட்டுக்குச் சொந்தக்காரி மட்டும் முப்பத்தொன்று. மறுபடி எழுதி முப்பத்து நான்கு. மூன்றாம் தடவை இருபத்தொன்பது. நாற்பது வேண்டும். அந்த ஒரு பேப்பரோடு என் பட்டம் நின்றுபோனது.

இவருக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். மகளுக்குத் தெரியாது. அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் தாயின் படிப்பு என்ற இடத்தில் 'பட்டதாரி' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, எவ்வளவு அழகா எழுதுறே என்றாள். அதன் பிறகு அந்தச் சொல்லை எப்படி அடிப்பது?

ஜூன் 11, செவ்வாய்

நோட்டை அவள் பார்த்துவிட்டாள். ஆறு கலரில் பேனா வாங்கி வந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "இதுல உன்னோட மார்க் எங்கம்மா?" என்று கேட்டாள். என்னுடையது எனக்கு ஞாபகம் இருக்காதா, அதை வேறு எழுதி வைக்கணுமா என்று சமாளித்தேன். பொய் சொல்வதில் மட்டும் எனக்கு எப்போதும் நல்ல மார்க்.

ஜூன் 22, சனி

சுவர் போன் செய்தாள். விடுதியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பல்கலைக்கழகம் அறிவிப்பு விட்டிருக்கிறதாம்: ஒன்றிரண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்குக் கடைசி வாய்ப்பு, செப்டம்பரில் தேர்வு. இந்த வயதில் நான் போய் எங்கே உட்கார்வது என்று இழுத்தேன்.

"உன் வயசுதான்டி எனக்கும். ஒண்ணும் கிழவியாகிடல. இத விட்டா இனிமே கிடையாது. விண்ணப்பம் போடு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த அறையிலேயே இருந்தேன். இரண்டாம் மாடி, ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. காலை ஐந்தரைக்குத் தொட்டி வழியும், அதுதான் எங்கள் அலாரம். நான் எழுந்து விளக்கடியில் அன்றைய குறிப்பைச் சுத்தப்பிரதி எடுப்பேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, பல் விளக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பாடம் நடத்துவாள். தடுமாறினால் மட்டும் நோட்டைத் திறப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். அவள் நோட்டைப் பார்த்தால் கோழி கிளறியது போல இருக்கும். நான் எத்தனை சிரித்திருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்னொன்று நினைவு வந்தது. கிளிப் கேள்வி.

அறைக்குள் குறுக்கே ஒரு துணிக்கயிறு. சுவர் ஒவ்வொரு துணியோடும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிளிப்பில் மாட்டிவிடுவாள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். காலையில் பதில் சொன்னால்தான் அந்தத் துணியை எடுத்து உடுத்தலாம், இல்லாவிட்டால் நேற்றைய துணிதான். சட்டம் போட்டவளே அதை விடாமல் கடைப்பிடித்தாள். ஒரு முறை ஒரே பாவாடையை மூன்று நாள் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள்.

நான்? அவள் குளிக்கப் போனதும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொள்வேன். பார்த்ததும் 'ஆமாம், இதுதான், தெரிஞ்சதுதானே' என்று தோன்றும். தினமும் புதுத்துணி. பார்த்தால் தெரிகிறது என்பதும், பார்க்காமல் சொல்ல வருகிறது என்பதும் வேறு வேறு என்று பரீட்சை ஹாலில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் மூன்று தடவை.

ஜூலை 3, புதன்

விண்ணப்பம் போட்டாயிற்று. மகளிடம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் துறைத் தேர்வு என்று சொல்லியிருக்கிறேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை போதும்.

ஜூலை 14, ஞாயிறு

வெட்கமாக இருக்கிறது. பத்து நாளாக மதிய இடைவேளையில் ரெக்கார்டு அறையில், நோயாளிகளின் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து மும்முரமாகப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று திரும்பிப் பார்த்தால் பழைய நோட்டைப் புது நோட்டில் சுத்தப்பிரதி எடுத்திருக்கிறேன். மகளின் பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கி வேறு.

மூடிவைத்து, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்று வரி வந்தது. மூன்றாவது தப்பு.

சுவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. தினமும் அரை மணி போதும், ஆனால் வெறும் தாளோடு உட்கார், எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்றாள். நேற்றையதை இன்றும், இன்றையதை ஒரு வாரம் கழித்தும் மறுபடி எழுத வேண்டுமாம். போனைச் செருப்பு அலமாரியில் போட்டுவிட்டு உட்கார்கிறேன். அலங்கோலமான தாள்கள். அடித்தல், திருத்தல், அம்புக்குறி. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

கொடியில் கிளிப் கேள்வி மாட்ட ஆரம்பித்திருக்கிறேன். கிளிப் போதாமல் ஒரு சீட்டு இவருடைய டிரைவர் யூனிஃபார்ம் மாட்டிய கிளிப்பில் போய்விட்டது: 'சராசரி இருக்கும்போது திட்ட விலக்கம் எதற்கு?' இவர் அதைப் பிடித்துக்கொண்டு சட்டையை எடுக்காமலே நின்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி விழுகின்றன என்பதற்கு ஓர் அளவு என்றேன்.

"அப்படிச் சொல்லு. என் பஸ் சராசரியா எட்டு மணிக்கு வரும். ஒரு நாள் ஏழே முக்காலுக்கு, ஒரு நாள் எட்டே காலுக்கு. சராசரி சரிதான், ஸ்டாப்புல நிக்கிறவனக் கேட்டுப் பாரு, என்ன திட்டுத் திட்டுவான்னு."

இருபத்து மூன்று வருஷம் பச்சை மையில் கிடந்தது இன்றுதான் மண்டையில் ஏறியது. இந்த மனுஷனை அன்றே வகுப்பில் உட்கார வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10, சனி

மகளின் முதல் உள்தேர்வு. ஐம்பதுக்குப் பதின்மூன்று.

தன் நோட்டை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். திறந்தேன். சிவப்புத் தலைப்பு, பச்சைச் சூத்திரம், கோடு. என் நோட்டேதான். "நீ எழுதின மாதிரியேதானம்மா எழுதினேன். அப்புறம் ஏன் எனக்கு மட்டும் வரல?"

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன தாய்? பீரோவிலிருந்து மூன்று மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். எனக்கும் வரலடி, மூணு தடவை எழுதியும் வரல, நான் டிகிரி முடிக்கல, ஆஸ்பத்திரிப் பரீட்சைன்னு சொன்னதும் இதுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுகை நின்றுவிட்டது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என் ஸ்கூல் ஃபார்ம்ல எழுதினியே" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேசவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பேசவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். இரண்டு நாளாக ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. விட்டுவிடலாமா? யாருக்காக எழுதப் போகிறேன்?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வேலைக்குப் போட வெள்ளைக் கோட்டை எடுக்கப் போனால், கிளிப்பில் ஒரு சீட்டு. என் எழுத்து இல்லை. 'இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?' திருப்பிப் பார்த்தேன், கைப்பழக்கம். மறுபக்கம் வெறுமை.

சட்டம் சட்டம்தானே. பதில் சொல்லாமல் கோட்டை எடுக்கக் கூடாது. இன்று கோட்டில்லாமல் போனேன். என்னம்மா, கோட்டு எங்கே என்று மேலாளர் கேட்டார், காயவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் மறுபக்கத்தில் எழுதி அதே கிளிப்பில் மாட்டினேன். 'என் கையெழுத்தை உன்னைப் போல யாரும் ரசித்ததில்லை. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று உன்னிடம் சொல்லப் பயம்.' அடித்து அடித்து எழுதினேன், சுத்தப்பிரதி எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் கீழே சிவப்பு மையில்: '2/5. இன்னும் விரிவாக எழுதவும்.'

சமையலறையில் நின்று சிரித்தேன், அழவும் செய்தேன். மகள் எதிரே வந்து உட்கார்ந்து, "சரி சொல்லு. அந்த ரூம்லேர்ந்து ஆரம்பி" என்றாள். தண்ணீர்த் தொட்டி, சுவர், மூன்று நாள் கட்டிய பாவாடை, நான் திருப்பிப் பார்த்தது எல்லாம் சொன்னேன். பாவாடையில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 1, ஞாயிறு

கொடியில் இப்போது இரண்டு பேர் கேள்வியும் தொங்குகிறது. அவளுக்கான கேள்வியை நான் எழுதுகிறேன், எனக்கானதை அவள். மறுபக்கத்தில் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டோம், எங்களை நம்பி என்ன பயன்? வியாழக்கிழமை அவள் பதில் வராமல் முந்தின நாள் சட்டையோடு கல்லூரிக்குப் போனாள். யாரோ கேட்டதற்கு, எங்கள் வீட்டில் அப்படி ஒரு சட்டம் என்றாளாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாளை தேர்வு. ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறேன். அந்தக் காலத்தில் தேர்வுக்கு முந்தின இரவு கோடு போட்டுக்கொண்டிருப்பேன். இந்த வரியோடு சரி.

செப்டம்பர் 18, புதன்

ஹாலில் எல்லாரும் என் வயதை ஒட்டியவர்கள். கண்ணாடியைத் தேடுகிறவர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள். நான்காவது கேள்வி திட்ட விலக்கம். ஏழே முக்காலும் எட்டே காலும் கண் முன்னால் வந்து நின்றன. நேரம் போதவில்லை, கடைசிப் பக்கம் கிறுக்கல். அச்சு எழுதியது என்று சொன்னால் விடுதியில் ஒருத்தியும் நம்பமாட்டாள்.

நவம்பர் 7, வியாழன்

மதியம் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். என் தேர்வு எண்ணை அவள்தான் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மார்க்கை மட்டும் சொன்னாள். உடனே சுவருக்குப் போன் செய்தேன். அவள் எப்போதும் போல, "சரி, அடுத்து என்ன படிக்கப் போறே?" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் பழைய நோட்டு மேஜைமேல், கடைசிப் பக்கம் திறந்தபடி கிடக்கிறது. மகள் பச்சைப் பேனாவை நீட்டினாள். வேண்டாம் என்று, கோட்டுப் பையில் இருந்த ஆபீஸ் பேனாவாலேயே பதினொன்றாவது பெயருக்குக் கீழே எழுதினேன். நின்றபடியே எழுதியதில் எழுத்து கோணிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

அச்சு 57.